37 தொகுதிகளில் தோல்வி, 5 மாதத்தில் மீண்டும் முதல்வர்: எம்.ஜி.ஆர். வாழ்க்கை சொல்லும் தேர்தல் கணக்கு

1980 ஜனவரி. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வருகின்றன. தமிழகத்தின் 39 தொகுதிகளில் திமுக - காங்கிரஸ் அணிக்கு 37. முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரின் அதிமுக அணிக்கு வெறும் 2. சிவகாசியும் கோபிசெட்டிபாளையமும் மட்டும்தான் கைகொடுத்தன. அடுத்த மாதமே அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. இதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அதே ஆண்டு மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இந்த முறை அதிமுக அணி 162 இடங்களைப் பிடித்தது. ஜூன் 9 அன்று எம்.ஜி.ஆர். மறுபடியும் முதல்வர். ஐந்து மாத இடைவெளியில் அதே மாநிலம், அதே வாக்காளர்கள், தலைகீழ் முடிவு.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்தா? ஒரு பெரிய தேர்தலில் ஒரு கட்சி ஜெயித்தால், அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சி ஜெயிக்க அதுவே வழிபோட்டுக் கொடுக்கிறதா? உலகம் முழுக்க அரசியல் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி இது. தேனி மாவட்டம் குச்சனூரில் இதை வேறு மொழியில் சொல்வார்கள். அங்குள்ள சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு, இறங்கு காலம் எப்போது முடியும் என்று கேட்டு ஆடி சனிக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். சனியைப் போலக் கொடுப்பவரும் இல்லை, கெடுப்பவரும் இல்லை என்பது ஊர் அறிந்த சொல். அரசியலில் அந்தச் சக்கரம் தானாகச் சுற்றுகிறதா, இல்லை யாராவது சுற்றிவிடுகிறார்களா? பதில் தேட எம்.ஜி.ஆரின் அரசியல் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். அந்த வாழ்க்கையின் முக்கியமான கட்டங்கள் கம்பம் பள்ளத்தாக்கையும் தொட்டுச் செல்கின்றன.

நாவலப்பிட்டி முதல் பரங்கிமலை வரை

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17, இலங்கையில் கண்டிக்கு அருகே உள்ள நாவலப்பிட்டியில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். வறுமை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்ரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடக கம்பெனியில் சேர்ந்தார்கள்.

முதல் படம் 1936-ல் வந்த ‘சதிலீலாவதி’. அதில் சின்ன வேடம்தான். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வந்தது 1947-ல். இடையில் பதினோரு ஆண்டு காத்திருப்பு. இளம் வயதில் கதர் கட்டிய காங்கிரஸ் ஆதரவாளராக இருந்தவர், 1953-ல் திமுகவில் சேர்ந்தார். கட்சிக் கொள்கை, கட்சிக் கொடி, கட்சித் தலைவர் அண்ணா எல்லாமே அவருடைய படங்கள் வழியாகக் கிராமத்துக் கொட்டகைகள் வரை போய்ச் சேர்ந்தன.

1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா அவரைத் துப்பாக்கியால் சுட்டார். கழுத்தில் குண்டு பாய்ந்தது. குரல் பாதிக்கப்பட்டது. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் காங்கிரஸை வீழ்த்தி திமுக முதல்முறையாக ஆட்சிக்கு வந்தது.

மாபெரும் வெற்றிக்குப் பின் வந்த பிளவு

1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். கருணாநிதி முதல்வரானார். எம்.ஜி.ஆர். கட்சியின் பொருளாளர். 1971 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்கு 184 இடங்கள். தமிழகத்தில் அதுவரை எந்தக் கட்சிக்கும் கிடைக்காத வெற்றி அது.

இங்கேதான் நம் கேள்வியின் முதல் துப்பு இருக்கிறது. எதிரில் பலமான எதிர்க்கட்சி இல்லாதபோது, போட்டி கட்சிக்குள்ளேயே தொடங்கிவிடும். 1972 அக்டோபரில் கட்சி நிர்வாகிகள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் எம்.ஜி.ஆர். பேசினார். கட்சி அவரை நீக்கியது. அக்டோபர் 17 அன்று அதிமுக பிறந்தது. திமுகவின் ஆகப்பெரிய வெற்றி கிடைத்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள், அடுத்த அரை நூற்றாண்டு அதனுடன் மோதப்போகும் கட்சி அதன் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பிவிட்டது.

முதல் சோதனை 1973 மே மாதம், திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். திண்டுக்கல்லும் தேனியும் அப்போது ஒன்றாகப் பெரிய மதுரை மாவட்டத்தில் இருந்தன. அதிமுக வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். ஆளுங்கட்சியான திமுக மூன்றாவது இடத்துக்குப் போனது. கட்சி தொடங்கி ஏழே மாதம். பிற்பாடு தேனி, ஆண்டிபட்டி, கம்பம் பக்கமெல்லாம் இரட்டை இலை ஆழமாக வேர்விட இந்த வெற்றிதான் தொடக்கம்.

1977: இரண்டு வாக்கு, இரண்டு கணக்கு

நெருக்கடி நிலை காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று, மத்திய அரசு திமுக ஆட்சியைக் கலைத்தது. 1977 மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில் வட இந்தியா முழுக்க இந்திரா காந்தியைத் தோற்கடித்தது. தமிழகம் வேறு மாதிரி வாக்களித்தது. இங்கே அதிமுக - காங்கிரஸ் - இந்திய கம்யூனிஸ்ட் அணி 39-ல் 34 இடங்களைப் பிடித்தது.

மூன்று மாதம் கழித்து, ஜூனில், சட்டமன்றத் தேர்தல். அந்தக் கூட்டணி அதற்குள் உடைந்திருந்தது. அதிமுக, திமுக, காங்கிரஸ், ஜனதா என நான்கு முனைப் போட்டி. அதிமுக 30 சதவீதம் அளவுக்கு வாக்கு வாங்கி 130 இடங்களில் ஜெயித்தது. ஜூன் 30 அன்று எம்.ஜி.ஆர். முதல்வராகப் பதவியேற்றார். நடிப்பை விட்டார். அவருடைய கடைசிப் படமான ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ 1978-ல் வெளியானது.

இந்த 30 சதவீதம் முக்கியமான எண். எதிர்த்த கட்சிகள் பிரிந்து நின்றதால் கிடைத்த வெற்றி இது. அவர்கள் சேர்ந்தால் நிலைமை என்ன ஆகும்? 1980 ஜனவரி அதைக் காட்டியது.

1979: ஒரே ஆண்டில் மூன்று பிரச்சினைகள்

ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகளில் எம்.ஜி.ஆருக்குச் சிக்கல்கள் வரிசைகட்டின.

முதலாவது தஞ்சாவூர். 1979-ல் அங்கே நடக்கவிருந்த மக்களவை இடைத்தேர்தலில் இந்திரா காந்தி போட்டியிட விரும்பினார். எம்.ஜி.ஆர். ஆதரவு தருவார் என்ற பேச்சு இருந்தது. ஆனால் மத்தியில் இருந்தது மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசு. கடைசியில் எம்.ஜி.ஆர். பின்வாங்கிவிட்டார். இந்திராவுக்கு அது ஆறாத வருத்தம். அவருடைய கட்சி மெல்லத் திமுக பக்கம் நகர்ந்தது. ஆட்சியை இழந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைவாசம் வரை பார்த்திருந்த திமுக, அதே இந்திராவுடன் கைகோத்தது.

இரண்டாவது, இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டைப் பெற, குடும்ப ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று 1979 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. ஏழைகளுக்குப் பலன் போய்ச் சேர வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். சாதியால் மறுக்கப்பட்ட வாய்ப்புக்கான ஏற்பாட்டில் வருமானத்தைப் புகுத்துவதா என்று திமுகவும் திராவிடர் கழகமும் போராட்டத்தில் இறங்கின. ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன.

மூன்றாவது, கம்பம் பள்ளத்தாக்கின் உயிர்நாடி. முல்லைப் பெரியாறு அணை பாதுகாப்பாக இல்லை என்று கேரளத்தில் கிளம்பிய அச்சத்தைத் தொடர்ந்து, அணையைப் பலப்படுத்தும் வரை என்ற பேச்சில் 1979-ல் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. சின்னமனூர், குச்சனூர், மார்க்கையன்கோட்டை வயல்கள் எல்லாம் இதில் அடக்கம். தற்காலிகம் என்று தொடங்கியது பல பத்தாண்டுகள் நீண்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் மறுபடி 2014-லும் சொல்ல வேண்டி வந்தது.

ஜனவரி 1980: எதிரணி சேர்ந்தது, கணக்கு மாறியது

மொரார்ஜி அரசு கவிழ்ந்து, அடுத்து வந்த சரண் சிங் அரசும் நிலைக்காமல், 1980 ஜனவரி 3, 6 தேதிகளில் நாடு மறுபடி வாக்களித்தது. நிலையான மத்திய அரசு வேண்டும் என்பதே அந்தத் தேர்தலின் பேச்சு. இந்திரா காந்தியின் கட்சி நாடு முழுக்க 353 இடங்களைப் பிடித்தது.

தமிழகத்தில் திமுக - காங்கிரஸ் அணி பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளை வாங்கியது. காங்கிரஸுக்கு 20, திமுகவுக்கு 16. கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய பெரியகுளம் மக்களவைத் தொகுதியும் திமுக வசம் போனது. அதைவிட வலித்தது திண்டுக்கல். இரட்டை இலைக்கு முதல் வெற்றி வாங்கித் தந்த மாயத்தேவர், இப்போது திமுக வேட்பாளராக அதே தொகுதியில் நின்று ஜெயித்தார்.

தோற்றவர் என்ன செய்தார்?

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. தோற்ற கட்சிகள் வழக்கமாகச் செய்வது தெரிந்ததே: கூட்டணி மேல் பழி, பண பலம் மேல் பழி, மக்கள் ஏமாந்துவிட்டார்கள் என்ற புலம்பல். எம்.ஜி.ஆர். அந்த வழியில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. முடிவு வந்த அதே மாதத்தில் 9,000 ரூபாய் வருமான வரம்பு ஆணையைத் திரும்பப் பெற்றார். அதோடு விடவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 18 சதவீதத்தையும் சேர்த்தால் மொத்தம் 68.

இன்று தமிழ்நாட்டில் கல்லூரி அட்மிஷன், அரசு வேலை என்று எங்கு போனாலும் கேட்கிற 69 சதவீதத்தின் பெரும்பகுதி இங்கிருந்து வந்ததுதான். 1990-ல் பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீதம் சேர்ந்து 69 ஆனது. 1994-ல் ஜெயலலிதா ஆட்சியில் அது சட்டமாகி, அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இடம்பிடித்தது. ஒரு தேர்தல் தோல்வியும், அதிலிருந்து ஒரு முதல்வர் படித்த பாடமும், கோடிக்கணக்கானவர்களின் படிப்பையும் வேலையையும் மாற்றிய கதை இது.

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்?

1980 பிப்ரவரி 17 அன்று இந்திரா காந்தி அரசு, எதிர்க்கட்சிகள் ஆண்ட ஒன்பது மாநில அரசுகளை ஒரே நாளில் கலைத்தது. மக்களவைத் தேர்தலில் தோற்றதால் இந்த அரசுகள் மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டன என்பது வாதம். 1977-ல் ஜனதா அரசு ஒன்பது காங்கிரஸ் மாநில அரசுகளைக் கலைத்ததற்கு இது பதிலடி. பட்டியலில் தமிழகமும் இருந்தது. ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.ஜி.ஆர். அரசுக்கு மூன்று ஆண்டுகூட முடியவில்லை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மக்களவைத் தேர்தலில் தோற்றது மட்டுமே மாநில அரசைக் கலைக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் தெளிவாக்கிவிட்டது. இன்று இப்படி ஒன்பது அரசுகளை ஒரே நாளில் கலைப்பது நடைமுறையில் மிகக் கடினம். 1980-ல் அந்தத் தடுப்பு இல்லை.

கலைப்பு எம்.ஜி.ஆருக்கு ஒரு பிரசாரப் பொருளைக் கொடுத்தது. ஊழல் நிரூபிக்கப்படவில்லை, பெரும்பான்மை போகவில்லை, பிறகு ஏன் கலைத்தீர்கள் என்ற கேள்வியை அவர் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். மக்களவைத் தேர்தலில் ஆளும் முதல்வராக நின்றவர், சட்டமன்றத் தேர்தலில் அநியாயமாக வெளியேற்றப்பட்டவராக நின்றார்.

இன்னொரு பக்கம், ஜெயித்த அணிக்குள் பங்குச் சண்டை. ஜனவரியில் 37 இடம் ஜெயிக்க யார் காரணம்? திமுகவா, இந்திராவா? சட்டமன்றத் தேர்தலில் இரு கட்சிகளும் ஏறத்தாழ சரிபாதியாகத் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டன. கருணாநிதிதான் முதல்வர் வேட்பாளர். ஆனால் சரிபாதி இடங்கள் என்றால் திமுக தனியாகப் பெரும்பான்மை பெறுவதே கிட்டத்தட்ட முடியாத காரியம். அமையப்போவது யாருடைய ஆட்சி என்ற குழப்பம் வாக்காளர்களுக்கு. தங்கள் தொகுதி கைவிட்டுப் போன வருத்தம் இரு கட்சித் தொண்டர்களுக்கும்.

எம்.ஜி.ஆர். அந்த நேரத்தில் கூட்டணியைச் சரிசெய்தார். இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், குமரி அனந்தனின் காந்தி காமராஜ் தேசிய காங்கிரஸ் போன்றவை அவரோடு நின்றன.

மே 1980: எண்கள் சொல்வது என்ன?

மே 28, 31 தேதிகளில் வாக்குப்பதிவு. அதிமுகவுக்கு மட்டும் 129, அணியாக 162. திமுகவுக்கு 37, காங்கிரஸுக்கு 31, அணியாக 69. மதுரை மேற்குத் தொகுதியில் எம்.ஜி.ஆர். ஜெயித்தார்.

ஜனவரியில் பாதியைத் தாண்டியிருந்த திமுக - காங்கிரஸ் அணியின் வாக்கு, மே மாதத்தில் 44 சதவீதத்தைச் சுற்றி நின்றது. அதிமுக அணி 49 சதவீதத்தைத் தொட்டது. வாக்குப்பதிவு குறைந்ததால் நடந்த மாற்றமா என்றால், இல்லை. இரண்டு தேர்தலிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் சாவடிக்குப் போனார்கள். ஜனவரியில் டெல்லிக்கு இந்திரா என்று குத்தியவர்களில் ஒரு பகுதி, மே மாதம் சென்னைக்கு எம்.ஜி.ஆர். என்று குத்தினார்கள்.

இதில் ரொம்ப முக்கியமான தகவல் ஒன்று உண்டு. அன்று கலைக்கப்பட்ட மற்ற எட்டு மாநிலங்களில் என்ன ஆனது? உத்தரப் பிரதேசம், பிகார், மகாராஷ்டிரம், குஜராத் என எட்டிலும் காங்கிரஸ்தான் ஜெயித்தது. டெல்லியில் கிடைத்த வெற்றி அங்கெல்லாம் மாநிலத்திலும் வெற்றியைக் கொண்டுவந்தது. தமிழகம் மட்டும் விதிவிலக்கு. அதாவது, பெரிய வெற்றி தானாகவே எதிர்க்கட்சிக்கு அடுத்த வெற்றியைத் தருகிறது என்று 1980-ஐ வைத்து யாரும் சொல்ல முடியாது. தமிழகத்தில் அது நடந்ததற்குத் தனிக் காரணங்கள் இருந்தன.

அமெரிக்காவிலும் இலங்கையிலும் எப்படி?

அமெரிக்காவில் இது கிட்டத்தட்ட விதி மாதிரியே ஆகிவிட்டது. அதிபர் தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு இடைக்காலத் தேர்தல் வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1998, 2002 தவிர எல்லா இடைக்காலத் தேர்தல்களிலும் அதிபரின் கட்சி கீழவையில் இடங்களை இழந்திருக்கிறது. காரணங்கள் எளிமையானவை. அதிபர் தேர்தலில் அவருடைய பெயருக்காகவே வந்து வாக்களித்தவர்கள் அடுத்த முறை வருவதில்லை. தோற்ற பக்கம் கோபத்தோடு திரண்டு வருகிறது. ஒரே கட்சியிடம் எல்லா அதிகாரமும் போவதை நடுவில் இருப்பவர்கள் விரும்புவதில்லை.

எம்.ஜி.ஆர். பிறந்த இலங்கையில் நேர்மாறு. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். 2020 ஆகஸ்டில் அவருடைய கட்சி அணி 225-ல் 145 இடங்களைப் பிடித்தது. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க வென்றார். இரண்டே மாதத்தில் தேசிய மக்கள் சக்தி 159 இடங்களோடு வந்தது. ஜனாதிபதி தேர்தலின் சூடு ஆறுவதற்குள் நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் அதே அலை வேலை செய்கிறது. இரண்டு ஆண்டு கழித்து வந்தால் அலை வற்றி, அதிருப்தி மேலே வருகிறது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், ஐந்தே மாத இடைவெளியில் தமிழகத்தில் திமுக - காங்கிரஸ் அணிதான் ஜெயித்திருக்க வேண்டும். அந்தத் தேனிலவுக் காலத்தை ஜெயித்தவர்களே கலைப்பாலும் பங்குச் சண்டையாலும் சீக்கிரமாக முடித்துவைத்தார்கள். தோற்றவர் தன் தவறைத் திருத்திக்கொண்டு தயாராக இருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால்தான் முடிவு புரண்டது.

ஆண்டிபட்டியும் ‘எம்.ஜி.ஆர். ஃபார்முலா’வும்

1980 எம்.ஜி.ஆருக்கு இன்னொரு பாடமும் சொல்லித் தந்தது. டெல்லிக்கு ஒரு மாதிரி, சென்னைக்கு வேறு மாதிரி வாக்களிக்க மக்களுக்குத் தெரியும். அப்படியென்றால் அந்தப் பழக்கத்தோடு மோதுவானேன்? இந்திராவோடு பகையைத் தீர்த்துக்கொண்டார். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் பெரியகுளம் மக்களவைத் தொகுதியை அதிமுக திமுகவிடமிருந்து மீட்டது.

1984 அக்டோபரில் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். அந்த மாதம் 31-ம் தேதி இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பர் 24 அன்று மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல். மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் காங்கிரஸுக்கு, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிமுகவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிற்பாடு இதற்கு ‘எம்.ஜி.ஆர். ஃபார்முலா’ என்றே பெயர் நிலைத்தது. 1980-ல் திமுகவும் காங்கிரஸும் சரிபாதி பிரித்து மாட்டிக்கொண்ட இடத்தில், இது தெளிவான பதில் சொன்னது. டெல்லி உங்களுடையது, சென்னை எங்களுடையது.

எம்.ஜி.ஆர். நின்ற தொகுதி ஆண்டிபட்டி. தொகுதிக்கு ஒருநாள்கூட வரவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் வீடியோ ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஆண்டிபட்டி அவரைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்தது. மாநிலத்தில் அதிமுக 132, காங்கிரஸ் 61. 1985 பிப்ரவரி 4 அன்று ஊர் திரும்பி, 10-ம் தேதி மூன்றாவது முறையாகப் பதவியேற்றார்.

சக்கரம் அதோடு நிற்கவில்லை. 1986-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளைத் திமுக பிடித்தது. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். காலமானார். அடுத்த ஆண்டு அவருக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டது.

அவருக்குப் பிறகும் அதே கேள்வி

கட்சி இரண்டாக உடைந்தது. 1989 ஜனவரியில் திமுக 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. அந்தத் தேர்தலில் போடிநாயக்கனூரில் ஜெயித்த ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவரானார். அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல். அதற்குள் ஒன்றுசேர்ந்திருந்த அதிமுக, காங்கிரஸோடு சேர்ந்து களமிறங்கியது. பத்து மாதத்துக்கு முன் ஆட்சியைப் பிடித்த திமுகவுக்கு ஒரு மக்களவைத் தொகுதிகூடக் கிடைக்கவில்லை. 1980 அப்படியே திரும்ப நடந்தது போல இருந்தது.

2004-ல் திமுக அணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் மொத்தமாக அள்ளியது. ஆண்டிபட்டி எம்.எல்.ஏ.வாகவும் முதல்வராகவும் இருந்த ஜெயலலிதா, எம்.ஜி.ஆர். வழியிலேயே போனார். முடிவு வந்த சில நாட்களில், மக்களுக்குக் கசப்பான பல உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார். இந்த முறை அது ஆட்சியைக் காப்பாற்றவில்லை. ஆனால் 2006-ல் திமுகவால் 96 இடங்களைத் தாண்ட முடியவில்லை. கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில்தான் ஆட்சி நடந்தது. 2009-ல் திமுக அணிக்கு மக்களவையில் 27 இடங்கள், 2011-ல் ஆட்சி போனது. ஆனால் 2014-ல் ஜெயித்த அதிமுகதான் 2016-லும் ஜெயித்தது. 2019-ல் 38 தொகுதிகளை வென்ற திமுக அணிதான் 2021-ல் ஆட்சியைப் பிடித்தது. ஆக, ஒருமுறை இவர், மறுமுறை அவர் என்று கடிகாரம் மாதிரி எதுவும் ஓடவில்லை.

2019 தேனிக்குத் தனிக் கதை. தமிழகம் முழுக்க அதிமுக அணி தோற்ற அந்த மக்களவைத் தேர்தலில், அது ஜெயித்த ஒரே தொகுதி தேனி. அதே நாளில் ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்களும் நடந்தன. இரண்டிலும் திமுக ஜெயித்தது. ஒரே சாவடி, ஒரே வரிசை, இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் இரட்டை இலையும் மற்றொன்றில் உதயசூரியனும் முன்னிலை பெற்றன. ஐந்து மாத இடைவெளிகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அப்போ, பதில் என்ன?

ஒரு கட்சியின் பெரிய வெற்றி எதிர்க்கட்சிக்கு ஒரு வாய்ப்பைத் திறக்கிறது. அதற்கு மேல் எதையும் உறுதி செய்வதில்லை. ஜெயித்தவர் அந்த வெற்றியை எல்லாவற்றுக்குமான அனுமதியாக எடுத்துக்கொண்டால் வாய்ப்பு பெரிதாகிறது. தோற்றவர் மக்கள் எதற்காகத் தன்னைத் தண்டித்தார்கள் என்று புரிந்துகொண்டால் அந்த வாய்ப்பு அவருக்குப் பயன்படுகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், 1980-ல் எட்டு மாநிலங்களில் நடந்ததுதான் நடக்கும்.

எம்.ஜி.ஆரை ரசிகர் பட்டாளத்தால் ஜெயித்தவர் என்று சொல்வது சுலபம். அந்த ரசிகர்கள் 1980 ஜனவரியிலும் இருந்தார்கள். ஆனாலும் அவர் தோற்றார். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் மாறியவை மூன்று: 9,000 ரூபாய் ஆணை போனது, அவருடைய ஆட்சி போனது, எதிரணியின் ஒற்றுமை போனது. முதலாவதை மாற்றியது அவர். மற்ற இரண்டையும் அவருக்காக மாற்றிக் கொடுத்தது, ஜனவரியில் ஜெயித்தவர்கள்.